வெளியேற வழியில்லாத தண்ணீர்: சாப்ளின் ஏரியின் உப்புக் கணக்கு

கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் மூஸ் ஜா நகரத்தை விட்டு டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் மேற்கே கிளம்பினால், ஒரு மணி நேரத்தில் நிலம் வெளுக்கத் தொடங்கும். அதுவரை கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை, கனோலா, மசூர்ப் பருப்பு என்று வயல்களாகவே வந்திருக்கும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் மசூர்ப் பருப்பில் ஒரு பங்கு இந்த மாகாணத்தில் விளைந்ததுதான். பிறகு வயல்கள் நின்றுபோய், தட்டையான வெள்ளைத் தரை வரும். ஜூலை வெயிலில் இவ்வளவு பனியா என்று முதல்முறை வருகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிப் பார்ப்பதுண்டு. இறங்கிக் காலை வைத்தால் மேலோடு மெல்லிய அப்பளம்போல் நொறுங்கும். அடியில் கருஞ்சேறு. அதிலிருந்து அழுகிய முட்டை வாடை கிளம்பும். அதுதான் சாப்ளின் ஏரி.

நல்ல நீர் இருக்கும் ஆண்டுகளில் அதன் பரப்பு ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டர். ஆழம் முழங்காலிலிருந்து இடுப்பு வரை, அவ்வளவே. பெயரைக் கேட்டதும் நடிகர் சார்லி சாப்ளின் நினைவுக்கு வந்தால் அதற்கும் ஏரிக்கும் சம்பந்தமில்லை. 1861இல் இந்தப் பக்கம் காட்டெருமை வேட்டைக்கு வந்த ஹென்றி சாப்ளின் என்ற ஆங்கிலேயக் கனவானின் பெயர் அது.

குடிக்க முடியாது, மீன் கிடையாது, படகு விட ஆழமில்லை, பாசனத்துக்கு எடுத்தால் பயிர் கருகும். ஆயினும் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் அமெரிக்கக் கண்டங்களின் தென்கோடியிலிருந்து வடதுருவப் பகுதிக்குப் பறக்கும் கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் இங்கேதான் இறங்குகின்றன. பக்கத்திலேயே 1948இலிருந்து ஒரு தொழிற்சாலை இந்த ஏரித் தண்ணீரை நம்பி ஓடிவருகிறது. ஏரி கெட்டது என்று நாம் சொல்லும் குணங்கள்தாம் இரண்டு தரப்புக்கும் சோறு போடுகின்றன. அது எப்படி என்று புரிய வேண்டுமானால் தண்ணீர் வருகிற வழியிலிருந்து தொடங்க வேண்டும்.

வரவு உண்டு, செலவு இல்லை

தென்மேற்குச் சஸ்காட்செவானில் ஆண்டுக்குப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 350 முதல் 400 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் சுமார் கால்பங்கு. வெயிலும் ஓயாத காற்றுமாக ஏரிப்பரப்பிலிருந்து ஆவியாக்கக்கூடிய நீரோ இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அப்படியானால் இங்கே ஏரி என்று ஒன்று இருக்கவே கூடாது. ஏரியைக் காப்பாற்றுவது பனி. குளிர்காலம் முழுதும் விழுந்து கிடந்த பனி ஏப்ரலில் ஒரே மூச்சில் உருகும்போது நிலம் இன்னும் உறைந்தே இருக்கும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்க முடியாமல் மேலேயே ஓடும். இந்தச் சமவெளியில் ஓராண்டில் ஓடும் நீரில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சில வாரங்களில் ஓடிவிடுகிறது. கோடையில் பெய்யும் மழையைப் புல்லும் பயிரும் மண்ணும் குடித்துவிடுகின்றன. ஏரிக்கு அதில் வந்து சேருவது சொற்பம்.

அந்த உருகுநீரும் நேராக ஏரிக்கு வருவதில்லை. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து பின்வாங்கிய பெரும் பனிப்பாளம், கரடுமுரடாக மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது. அதனால் நிலமெங்கும் ஆயிரக்கணக்கான சிறு குழிகள், குட்டைகள். உருகிய நீர் முதலில் இவற்றை நிரப்பும். நிரம்பி வழிந்தால்தான் அடுத்த குழிக்குப் போகும், பிறகு அதற்கடுத்த குழிக்கு. வறண்ட ஆண்டில் பாதி வழியிலேயே ஓட்டம் நின்றுவிடும். ஈரமான ஆண்டில் குழிகள் ஒன்றோடொன்று கைகோத்து, அதுவரை ஏரிக்குச் சொட்டுத் தண்ணீர் தராத நிலங்கள்கூடத் தண்ணீர் தரத் தொடங்கும். ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியே ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி விரிகிறது என்றுதான் சொல்ல வேண்டும். வரைபடத்தில் அதை ஒரே கோடாகப் போட்டுக் காட்டுவதெல்லாம் நம் வசதிக்கு.

வந்த தண்ணீர் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. இந்த வட்டாரத்துக்கு வடக்கே விழும் மழை ஹட்சன் விரிகுடாவைச் சேரும். தெற்கே, மிசௌரி கோட்டோ என்ற மேட்டுநிலத்தைத் தாண்டி விழுவது மிசௌரி, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய இந்தப் பள்ளத்துக்கு வடிகாலே இல்லை. தண்ணீர் வெளியேற ஒரே வழி வானம். ஆவியாகும் நீர் தனியாகப் போகும், தான் கொண்டுவந்த உப்பைக் கையோடு எடுத்துப் போகாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வரவு மட்டுமே எழுதப்பட்ட பேரேடு இது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சஸ்காட்செவானின் இத்தகைய ஏரிகளில் சில அதற்கும் கீழே நிற்கின்றன, சில 300 கிராமைத் தாண்டுகின்றன. அதே ஏரிகூட ஏப்ரலில் ஒரு கணக்கும் செப்டம்பரில் வேறு கணக்கும் காட்டும். இந்த ஏரியின் உப்புத்தன்மை எவ்வளவு என்று கேட்கிறவரிடம், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பதுதான் நியாயம்.

எங்கிருந்து வந்தது இந்த உப்பு?

கடலிலிருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் உள்நாட்டுக் கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறு இறுகிக் களிப்பாறையானது. ஆனால் சாப்ளின் ஏரியில் இருப்பது கடலில் நிறைந்திருக்கும் சோடியம் குளோரைடு இல்லை, அதாவது நம் சமையல் உப்பு இல்லை. பெரும்பகுதி சோடியம் சல்ஃபேட், கொஞ்சம் மக்னீசியம் சல்ஃபேட். கடல் வற்றி மிஞ்சிய உப்பு என்றால் குளோரைடு அல்லவா முந்தி நிற்க வேண்டும்?

விடை களிப்பாறைக்குள் இருக்கிறது. காற்றுப்படாத கடலடிச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட் என்ற தாதுவாக ஒளிந்துகிடந்தன. பனிப்பாளம் அந்தப் பாறையை அரைத்து, மாவாக்கி, நிலமெங்கும் மேற்பரப்பில் பரப்பியது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மூச்சுவிடாமல் கிடந்த பைரைட்டின்மீது காற்றும் மழைநீரும் பட்டன. கந்தகம் ஆக்சிஜனோடு கூடி அமிலமானது. மண்ணிலிருந்த சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்து ஜிப்சமாக, அதாவது கால்சியம் சல்ஃபேட்டாக, மாற்றியது. நிலத்தடி நீர் இந்த ஜிப்சத்தைக் கரைத்துக்கொண்டு நகரும்போது களிமண் துகள்கள் நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, தம்மிடம் இருந்த சோடியத்தை நீரிடம் கொடுத்தன. இப்படிக் கைமாறிக் கைமாறி, பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது அது சோடியம் சல்ஃபேட் கரைசலாகிவிட்டது. இன்றும் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஏரிக்கரையில் கோடை முழுதும் ஈரம் காயாத திட்டுகளைக் கண்டால், அங்கே நிலத்தடி நீர் கசிகிறது என்று பொருள்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். இங்கே குடியேறிய விவசாயிகள் வெள்ளையாகப் பூத்த நிலம் எல்லாவற்றுக்கும் 'அல்கலி' என்று ஒரே பெயர் வைத்தார்கள். அரபு மொழியில் உப்புச் செடிகளை எரித்த சாம்பலைக் குறித்த 'அல்-கலி' என்ற சொல்லின் வழிவந்தது அது. வேதியியலில் காரம் என்று பொருள். ஆனால் சோடியம் சல்ஃபேட் தன்னளவில் காரமும் இல்லை, அமிலமும் இல்லை. நீரில் பைகார்பனேட்டும் கலந்திருப்பதால் இந்த ஏரிகள் சற்றே காரத்தன்மை காட்டுகின்றன, அவ்வளவுதான். உண்மையான கார ஏரி என்றால் மகாராஷ்டிரத்தின் லோனார், கலிஃபோர்னியாவின் மோனோ போன்றவை. அவற்றில் கார்பனேட் மிகுதி, கார அமில அளவு 10ஐ ஒட்டி நிற்கும். தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. உப்புப் பூத்தது உவர் நிலம், காரமேறி இறுகியது களர் நிலம் என்று நம் உழவர்கள் பிரித்துத்தான் பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் சாப்ளின் ஏரி களர் ஏரி அல்ல, உவர் ஏரி. ஆங்கிலத்தில் அதை அல்கலி ஏரி என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். இனி மாறப்போவதில்லை.

மாடுகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சோடியம் சல்ஃபேட்டும் மக்னீசியம் சல்ஃபேட்டும் மருந்துக் கடையில் விற்கும் பேதி மருந்துகள். இரண்டாவதைத்தான் நாம் பேதி உப்பு என்கிறோம். இத்தகைய குட்டைகளில் நீர் குடித்த கால்நடைகளுக்குக் கழிச்சல் காண்பது மேய்ச்சல்காரர்களுக்குப் பழகிய சங்கதி. வறட்சியில் நீர் வற்றி உப்புச் செறிவு ஏறும்போது அது கழிச்சலோடு நிற்பதில்லை. 2017ஆம் ஆண்டுக் கோடையில், சாப்ளினுக்குத் தெற்கேயுள்ள ஷாம்ராக் என்ற ஊரின் மேய்ச்சல் நிலத்தில் ஏறக்குறைய 200 மாடுகள் ஒருசேரச் செத்துக் கிடந்தன. கொடும் வெயிலில் அவற்றுக்கு இருந்த ஒரே தண்ணீர் உப்பேறிய குட்டைநீர்தான். முந்தைய ஆண்டு வரை குடித்த தண்ணீர் இந்த ஆண்டு நஞ்சாக மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தெளிவாகத்தான் இருக்கும்.

குளிரில் விளையும் உப்பு

தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குச் சாப்ளின் தொழிற்சாலையின் முதல் பாதி பழகிய காட்சி. பாத்திகள், கரைகள், மதகுகள், ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு நீரை ஏற்றும் பம்புகள். கோடையில் ஏரியின் உப்புநீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். அதோடு ஒற்றுமை முடிந்தது. தூத்துக்குடியில் வெயிலே உப்பை விளைத்துக் கொடுக்கும். இங்கே விளைத்துக் கொடுப்பது அக்டோபர் மாதத்து இரவு.

காரணம் சோடியம் சல்ஃபேட்டின் ஒரு வினோத குணம். சமையல் உப்பைத் தண்ணீரில் கரைத்தால், தண்ணீர் குளிர்ந்ததா சுட்டதா என்பது அதற்குப் பெரிய விஷயமே இல்லை. 100 கிராம் நீரில் 36 கிராம் அளவில் கரையும், அவ்வளவுதான். சோடியம் சல்ஃபேட் அப்படியில்லை. 0 டிகிரியில் 100 கிராம் நீரில் 5 கிராம்தான் கரையும். 20 டிகிரியில் 19 கிராம் போல. 32 டிகிரியைத் தொடும்போது சுமார் 50 கிராம். ஆகவே கோடை வெயிலில் நன்றாகச் சுண்டிய உப்புநீர், இலையுதிர் காலத்தில் ஒரு குளிர் இரவு வந்ததும் தன்னிடமுள்ள உப்பில் பெரும்பங்கைத் தாங்க முடியாமல் கீழே போட்டுவிடுகிறது. முந்தின மாலை வெறும் தண்ணீராக இருந்த பாத்தியின் அடியில் காலையில் கண்ணாடிபோன்ற படிகங்கள் கிடக்கும். மேலே நிற்கும் நீரில் தங்கிவிட்ட மக்னீசியத்தையும் குளோரைடையும், தாமதிக்காமல், உறைவதற்குள் வடித்துவிட வேண்டும். பிறகு குளிர்காலம் இறுகியதும், கல்லாகிக் கிடக்கும் பாத்திமேல் கனரக வண்டிகள் இறங்கி உப்பைச் சுரண்டி வாரும். வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 20, 30 டிகிரி என்று போகும் நாட்களில் நடக்கும் அறுவடை இது.

வாரியது அப்படியே விற்பனைக்கு ஆகாது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் யோஹான் கிளாபர் இந்தப் படிகத்தை 'அற்புத உப்பு' என்றே அழைத்தார். கிளாபர் உப்பு என்ற பெயர் அவரால் வந்தது. அதன் எடையில் 56 விழுக்காடு வெறும் தண்ணீர். ஒரு துண்டைக் கொண்டுவந்து வீட்டுச் சன்னல் விளிம்பில் வைத்தால், பனிக்கட்டிபோல் தெளிந்திருந்தது சில நாட்களில் தானாக வெளுத்து, தொட்டதும் உதிரும் மாவாகிவிடும். படிகத்துக்குள் பிடித்து வைத்திருந்த நீர் வறண்ட காற்றில் ஓடிவிட்டதன் விளைவு. தொழிற்சாலை செய்வது இதையேதான், சூடேற்றி விரைவாக.

எஞ்சும் வெள்ளைத்தூள் எங்கே போகிறது? ஒரு காலத்தில் காகிதக் கூழ் ஆலைகளுக்குப் போனது. பிறகு முக்கிய வாடிக்கை துணி துவைக்கும் பவுடர். பவுடருக்கு அளவும் உதிரும் தன்மையும் தருவதற்காகக் கலப்பது சோடியம் சல்ஃபேட். அழுக்கை எடுப்பதில் அதன் பங்கு ஒன்றும் பெரிதில்லை. கண்ணாடி ஆலைகளும் சாயப் பட்டறைகளும்கூட வாங்குகின்றன. துவைக்கிறவர்கள் பவுடரை விட்டுத் திரவத்துக்கு மாற மாற இந்தச் சந்தை மெலிந்துகொண்டே வருகிறது. அதனால் இந்த மாகாணத்தில் ஏராளமாகக் கிடைக்கும் பொட்டாஷோடு ஏரியின் சல்ஃபேட்டைச் சேர்த்து, பொட்டாசியம் சல்ஃபேட் உரம் தயாரிக்கும் திட்டத்தைச் சாப்ளின் ஆலை அண்மை ஆண்டுகளில் அறிவித்தது.

மீன் இல்லாத நன்மை

உப்பு இவ்வளவு ஏறிய நீரில் மீன் பிழைக்காது. மீன் இல்லாததால் ஒரு சின்ன உயிருக்குக் கொண்டாட்டம். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால், ஒரு சென்டிமீட்டர் அளவுதான். தற்காப்புக்கு ஓடு கிடையாது, வேகம் கிடையாது. மீன் உள்ள நீரில் விட்டால் ஒரு நாள் தாங்காது. அதனிடம் இருக்கும் ஒரே வித்தை, மற்றவர்கள் வரமுடியாத உப்பில் வாழ்வது. குளிர் வரும்போது அது இடும் முட்டைகளுக்குக் கெட்டியான தோல் உண்டு. உறைந்தாலும், ஏரி வற்றி ஆண்டுக்கணக்கில் புழுதியில் கிடந்தாலும் அவை சாவதில்லை. வசந்தத்தில் நன்னீர் பட்டு, சூடு ஏறியதும் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். இறால் வளர்ப்பில் இருக்கும் நம் கடலோரத்தார் இதை நன்கு அறிவார்கள். குஞ்சு பொரிப்பகங்களில் டின்னில் வந்து, உப்புநீரில் கொட்டியதும் மறுநாள் உயிர்பெறும் தீவனம் இந்த இனத்தின் முட்டைதான்.

ஆர்ட்டீமியாவும், உப்புநீரில் புழுவாய் வளரும் சிறு ஈக்களும் மொய்க்கத் தொடங்கும் வேளை பார்த்துப் பறவைகள் வந்து இறங்குகின்றன. சாண்டர்லிங் என்ற சிறிய உள்ளான், சிலி, பெரு நாடுகளின் கடற்கரைகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடதுருவப் பகுதிக்கு முட்டையிடப் போகிறது. போய்ச் சேரும்போது அங்கே இன்னும் பனி விலகியிருக்காது, இரை இருக்காது. முட்டையிடும் வரை தாக்குப்பிடிக்கத் தேவையான கொழுப்பை வழியிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான கடைசிக் கடைகளில் சாப்ளின் ஒன்று. நீரில் மிதந்தபடி பம்பரம்போல் சுழன்று இரையை மேலே கொண்டுவரும் ஃபலரோப், மேல்நோக்கி வளைந்த அலகால் நீரை இடம் வலமாகத் துழாவும் கோணமூக்கு உள்ளானின் அமெரிக்க உறவு என்று 30க்கும் மேற்பட்ட கரைப்பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. 1997இல் சாப்ளினையும் அருகிலுள்ள ஓல்ட் வைவ்ஸ், ரீட் ஏரிகளையும் சேர்த்து மேற்கு அரைக்கோளக் கரைப்பறவைக் காப்பு வலையமைப்பின் மிக உயர்ந்த படியில் வைத்தார்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் கரைப்பறவைகளோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 30 விழுக்காடோ வந்து போகும் இடங்களுக்குத்தான் அந்தப் படி.

ஆழம் குறைவு என்பதும் இந்தப் பறவைகளுக்கு வரமே. சாண்டர்லிங்கின் கால், நம் விரலின் நீளம்கூட இல்லை. ஆழமான ஏரியில் அது நின்று தின்னக் கரையோரமாக ஒரு நாடா அகலம்தான் கிடைக்கும். முழங்காலளவு ஏரியில், நீர்மட்டம் ஒரு சாண் குறைந்தால் பல நூறு மீட்டர் சேறு வெளியே வரும். எல்லாம் பந்தி.

தொழிற்சாலையும் பறவைகளும் கைகோத்து வாழ்கின்றன என்று சுற்றுலாக் கையேடுகளில் எழுதுவது வழக்கம். அதை நான் அப்படியே விழுங்குவதில்லை. வறட்சியில் மற்ற ஏரிகள் காய்ந்து கிடக்கும்போதும் ஆலையின் பாத்திகளில் தண்ணீர் நிற்கும், அதில் இறாலும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அது பறவைகளின் பேரில் கொண்ட இரக்கத்தால் வந்ததல்ல. உப்பு எடுக்கத் தேவைப்படுவதும், உள்ளானுக்குத் தேவைப்படுவதும் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டன: ஆழமற்ற, சுண்டிய, அசையாத நீர். நாளை உற்பத்திமுறை மாறி, ஆழமான தேக்கங்களோ வேறு வகை உப்புநீரோ தேவைப்பட்டால் இந்த நட்பு எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்க்க வேண்டும்.

கிழவியர் ஏரி வற்றிய ஆண்டு

சாப்ளினுக்குத் தென்கிழக்கே சற்றுத் தொலைவில், அதைவிடப் பல மடங்கு பெரிய ஓல்ட் வைவ்ஸ் ஏரி கிடக்கிறது. 'கிழவியர் ஏரி' என்று பொருள். பெயருக்குப் பின்னால் ஒரு கதை. காட்டெருமை வேட்டைக்கு வந்த கிரீ இனத்தார் ஒரு கூட்டம், இங்கே கறுப்புக்கால் இனத்து வீரர்களிடம் சிக்கிக்கொண்டது. விடிந்தால் தாக்குதல். வயதான பெண்கள் முன்வந்து, "இரவு முழுக்க நாங்கள் தீயை அணையவிடாமல் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கிளம்புங்கள்" என்றார்கள். தீ எரிவதைக் கண்ட எதிரிகள் கூட்டம் உறங்குகிறது என்று நம்பினார்கள். விடியலில் வந்து பார்த்தால் கிழவிகள் மட்டும் இருந்தார்கள். அத்தனை பேரையும் கொன்றார்கள். காற்று வீசும் இரவுகளில் அவர்களின் குரல் கேட்கும் என்பார்கள். பின்னாளில் ஹென்றி சாப்ளினோடு வேட்டைக்கு வந்த ஜான்ஸ்டன் என்பவரின் பெயரை ஏரிக்குச் சூட்டி வரைபடமும் போட்டார்கள். சனங்கள் பழைய பெயரை விடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதுவே மீண்டும் அதிகாரப் பெயரானது. இரண்டாம் உலகப் போரின்போது அருகிலுள்ள மாஸ்பேங்க்கில் இயங்கிய விமானப்படைப் பள்ளி, குண்டு வீசிப் பழக இந்த ஏரியைத்தான் பயன்படுத்தியது. 1925இலேயே பறவைச் சரணாலயம் என்று அறிவித்த ஏரி அது என்பது தனிக் கதை.

1988 வறட்சியில் இந்த ஏரி முழுதுமாக வற்றியது. சன்னல் விளிம்பில் படிகம் மாவாகும் என்று சொன்னேனே, அது இங்கே நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் நடந்தது. காற்று வந்ததும் வெள்ளைப் புழுதி எழுந்து ஊர்களின் மேல் படிந்தது. கண் எரிச்சல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு என்று மக்கள் அவதிப்பட்டார்கள். துவைத்துக் காயப்போட்ட துணியில் உப்பு ஒட்டியது. ஏரியில் நிரந்தரமாகத் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்ற குரல் அப்போது எழுந்தது இயல்பே.

எனக்கு இங்கே ஒரு தயக்கம் உண்டு. கலிஃபோர்னியாவில் ஓவன்ஸ் ஏரி வற்றியதற்குக் காரணம், 1913இல் அதன் ஆற்றை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் குழாயில் கொண்டுபோனது. அந்தப் புழுதியை அடக்க அந்த நகரம் இன்றுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. செய்த பிழைக்குக் கட்டிய அபராதம். கிழவியர் ஏரியின் ஆற்றையும் அணைகளும் பாசனமும் ஓரளவு உறிஞ்சத்தான் செய்கின்றன. ஆயினும் இந்தப் புல்வெளி ஏரிகள் மனிதர் கை படுவதற்கு முன்பும் வற்றியவை, நிரம்பியவை. வற்றும் ஆண்டில் காற்று உப்பை வாரிக்கொண்டு போவதுதான் அந்த வரவுப் பேரேட்டில் விழும் அரிதான செலவு. வற்றாமல் நிரந்தரமாக நிறுத்திவைத்தால் கரையோர உப்புத்தரையில் புல்லும் நாணலும் ஏறும். அப்புறம் அது வேறொரு ஏரி.

எதிர்ப்பக்கமும் உண்டு. மாகாணத்தின் நடுப்பகுதியிலுள்ள குவில் ஏரிகள் 2000க்குப் பிந்தைய ஈரமான ஆண்டுகளில் பல மீட்டர் உயர்ந்து, தனித்தனியாக இருந்தவை ஒன்றாகி, விளைநிலத்தை விழுங்கின. வயலிலுள்ள குழிகளை விவசாயிகள் வாய்க்கால் வெட்டி வடித்ததால்தான் அவ்வளவு தண்ணீர் வந்தது என்று ஒரு தரப்பும், பெய்த மழைதான் காரணம் என்று மறுதரப்பும் இன்னும் வாதாடுகின்றன. உபரி நீரை வேறு படுகைக்குத் திருப்பலாம் என்றபோது, "உங்கள் உப்பு எங்களுக்கு வேண்டாம்" என்று அந்தப் பக்கத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். வெளியேற வழியில்லாத ஏரிக்கு வழி வெட்டுவது என்றால் யாருடைய தண்ணீருக்குள் வெட்டுவது என்ற கேள்வி வந்தே தீரும்.

1857 முதல் 1860 வரை இந்தப் பகுதியை ஆராய்ந்த ஜான் பாலிசர், இது உழவுக்கு ஆகாத வறள் நிலம் என்று எழுதிவைத்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, மழை நன்றாகப் பெய்த பருவங்களில் வந்த தாவரவியலாளர் ஜான் மக்கூன், அருமையான விளைநிலம் என்றார். அரசாங்கத்துக்கு இரண்டாவது அறிக்கைதான் பிடித்திருந்தது. 1882இல் ரயில் பாதை மூஸ் ஜாவைத் தொட்டது, குடியேற்றம் பெருகியது, 1930களில் புழுதிப் புயல்கள் வந்தன. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே நிலத்தை வெவ்வேறு ஆண்டுகளில் பார்த்தார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவில் முட்டையிடும் பறவை ஒன்று உண்டு. பைப்பிங் ப்ளோவர், நம் கரைகளில் ஓடும் பட்டாணி உப்புக்கொத்தியின் நெருங்கிய உறவு. உப்புக்கொத்தி என்ற தமிழ்ப் பெயர் இவ்வளவு பொருந்திவரும் இடம் வேறு இருக்குமா தெரியவில்லை. எடை 50 கிராம் போல. முதுகு உலர்ந்த மணல் நிறம். கரையோரம் கூழாங்கல்லும் உப்பும் கலந்த வெட்ட வெளியில், உள்ளங்கை அளவு குழி பறித்து, சிறு கற்களைப் பதித்து, புள்ளி போட்ட நான்கு முட்டைகளை இடும். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. ஓரிரண்டு ஆண்டுகள் நீர் ஏறி, பிறகு வடிந்து, புல்லைக் கொன்று வெறுமையாக்கிய கரைதான் அதற்கு வேண்டும். செடி முளைத்த கரையில் நரி பதுங்கும், அங்கே அது கூடு வைக்காது. கரையோரத்தில் அதன் அண்டைவீடு, நம் கடலோர உமரியின் உறவான ஒரு சிறு சதைச்செடி. இலையுதிர் காலத்தில் அது சிவந்து, வெள்ளைத் தரைக்குச் சிவப்புக் கரை கட்டிவிடும்.

ஈரமான ஆண்டில் ஜூன் மழைக்கு நீர்மட்டம் கையளவு ஏறினாலும் அந்தக் குழி முழுகும். வறண்ட ஆண்டில் குஞ்சு பொரிந்துவிடும், ஆனால் நீரின் விளிம்பு நெடுந்தூரம் பின்வாங்கியிருக்கும். பொரிந்த குஞ்சுக்குத் தாய் ஊட்டிவிடுவதில்லை. ஈரம் உலர்ந்த சில மணி நேரத்தில், தீக்குச்சி போன்ற கால்களில், வெந்து கிடக்கும் அந்த உப்புத்தரையைக் கடந்து ஈ பிடிக்கத் தானேதான் ஓட வேண்டும்.